சப்நாட்டிகா: திரும்பி வருவதற்கான மூச்சு

கேள்வி சுருக்கமாக இது. மொரீஷியஸில் குவாத்ர் போர்னில் இருக்கும் தம்பி ஒருவர், வேற்றுக் கிரகத்துக் கடலில் விழுந்து உயிர்பிழைக்கும் சப்நாட்டிகா என்ற கம்ப்யூட்டர் விளையாட்டைத் தள்ளுபடியில் வாங்கியிருக்கிறார். ஆழமில்லாத இடத்திலேயே சுற்றிச் சுற்றி வருகிறார். பசியிலோ தாகத்திலோ மூச்சு முட்டியோ செத்துப்போகிறார். அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை, வரைபடத்தைத் தேடினால் அதுவும் கிடைக்கவில்லை. ஒருநாள் துணிந்து, விழுந்து எரிந்துகொண்டிருக்கும் பெரிய விண்கப்பல் பக்கம் போனபோது ஏதோ ஒன்று பின்னாலிருந்து வந்து பிடித்துக் குலுக்கிவிட்டது. அன்றிலிருந்து லைஃப்பாடை, அதாவது தப்பி வந்த சிறு மிதவைக் கூட்டை, விட்டு இறங்கவே பயம். எல்லாவற்றையும் இணையத்தில் பார்த்துவிட்டு ஆடினால் சுவை போய்விடும் என்கிறார்கள், அப்படியானால் எவ்வளவு தெரிந்துகொண்டு ஆட வேண்டும்? நிஜக் கடலும் இப்படித்தானா?

தம்பி, உங்களைப் பிடித்துக் குலுக்கியது ரீப்பர் லெவியாத்தன் என்ற ராட்சதக் கடல் மிருகம். அது கடல் முழுக்கச் சுற்றித் திரிகிற பூதம் இல்லை. அதற்கென்று இடங்கள் உண்டு, அங்கேதான் உலாவும். அதைப் பற்றிக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன். ஏனென்றால் புதிதாக ஆடுகிறவர்களை ரீப்பர் கொல்வதைவிட, மேலே வந்து சேர்வதற்குள் தீர்ந்துபோகிற மூச்சுதான் அதிகம் கொல்கிறது.

நான் ஃபிளிக் ஆன் ஃபிளாக் பக்கம் டைவிங் வழிகாட்டி. பகலெல்லாம் சுற்றுலாக்காரர்களைத் தண்ணீருக்குள் கூட்டிப் போய்விட்டு, ராத்திரி வந்து கம்ப்யூட்டரில் மறுபடி தண்ணீருக்குள் இறங்குகிறேன் என்று வீட்டில் கேலி. இருக்கட்டும். என் தொழிலில் முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடம் இந்த விளையாட்டுக்கும் அப்படியே பொருந்தும்: எவ்வளவு தூரம் போகலாம் என்று கணக்குப் போடாதே, எந்த இடத்தில் திரும்ப வேண்டும் என்று போடு. சப்நாட்டிகாவில் நீங்கள் கேட்கிற முக்கால்வாசிக் கேள்விக்கு இதற்குள்ளேயே பதில் இருக்கிறது.

ஆட்டம் தொடங்கும்போது உங்களிடம் இருப்பது 45 வினாடி மூச்சு. மூன்று டைட்டானியம் சேர்த்தால் லைஃப்பாடில் இருக்கும் ஃபேப்ரிகேட்டர் என்ற பொருள் செய்யும் இயந்திரத்தில் முதல் டேங்க் செய்யலாம், அது 30 வினாடி கூட்டும். அடுத்த பெரிய டேங்கில் மொத்தம் 135, கடைசி டேங்கில் 225. இதை வைத்துக்கொண்டு புதியவர் என்ன செய்வார்? கீழே ஒரு பாறை பளபளக்கிறது, உடைக்கிறார். பக்கத்தில் இன்னொன்று. அதற்கும் பக்கத்தில் ஒரு குகை வாய். 30 வினாடிதான் இருக்கிறது என்று குரல் வந்தபிறகு திரும்பலாம் என்று இருப்பார். அந்தக் குரலுக்கு நீங்கள் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறீர்கள், தலைக்கு மேலே தண்ணீரா பாறையா என்றெல்லாம் தெரியாது. ஐந்து மீட்டரில் இருந்தாலும் எண்பது மீட்டரில் இருந்தாலும் அதே 30 வினாடியில்தான் சொல்லும். எண்பது மீட்டரில் அது எச்சரிக்கை இல்லை, இரங்கல் செய்தி.

ஆகையால் திறந்த தண்ணீரில் பாதி மூச்சு போனதும் திரும்புங்கள். குகை, உடைந்த கப்பல் என்று தலைக்கு மேல் கூரை இருக்கிற எந்த இடத்திலும் பாதி போதாது. மூன்றில் ஒரு பங்கு போனதும் திரும்ப வேண்டும். நிஜ உலகத்தில் குகைக்குள் டைவ் செய்கிறவர்கள் வைத்திருக்கும் விதி இது: ஒரு பங்கு உள்ளே போக, ஒரு பங்கு வெளியே வர, ஒரு பங்கு எதிர்பாராததற்கு. எங்களைப் போல சுற்றுலா டைவ் செய்கிறவர்களும் 200 பார் அழுத்தத்தில் நிரப்பிய சிலிண்டரை 50 பாருக்குக் கீழே இறங்க விடாமல் படகுக்கு வந்துவிடுவோம். மிச்சமாகிற அந்தக் காற்று வீணில்லை. அது இருக்கிறது என்ற நினைப்பில்தான் கீழே நிதானமாகச் சுற்றிப் பார்க்க முடிகிறது. விளையாட்டிலும் அப்படியே. பதற்றம் இல்லாமல் பார்த்தால்தான் அந்தக் கடல் எவ்வளவு அழகாகச் செய்யப்பட்டிருக்கிறது என்பது தெரியும்.

மூச்சை நீட்டிக்க வழிகள் உண்டு, பலர் கவனிப்பதில்லை. ஆழமில்லாத பகுதியில் மூளை வடிவப் பவளங்கள் இருக்கும், அவற்றிலிருந்து குமிழிகள் மேலே வரும். அந்தக் குமிழிக்குள் முகத்தைக் கொண்டுபோனால் மூச்சு கொஞ்சம் நிரம்பும். நூறு மீட்டரைத் தாண்டினால் மூச்சு வேகமாகத் தீர ஆரம்பிக்கும். ரீபிரீதர் என்ற முகக்கருவியைச் செய்து மாட்டிக்கொண்டால் அந்தத் தொல்லை தீரும். அது கையில் வராமல் நூறைத் தாண்டி நீந்தி இறங்காதீர்கள். குகைக்குள் வழி தவறாமல் இருக்க பாத்ஃபைண்டர் என்றொரு கருவி உண்டு, போகிற வழியில் ஒளிரும் புள்ளிகளை வைத்துக்கொண்டே போகும். அது கிடைக்கும்வரை குகை வாசலில் ஒரு பீக்கனை, அதாவது தூரத்திலிருந்தும் திரையில் தெரியும் அடையாளக் குறியை, மிதக்க விட்டுவிட்டு உள்ளே போங்கள்.

இனி, அடுத்து என்ன செய்வது என்ற கேள்வி. இந்த விளையாட்டில் பணி பட்டியல் கிடையாது, அம்புக்குறி கிடையாது. ஆனால் ஒழுங்கு இருக்கிறது. ஆழம்தான் இங்கே பூட்டு, கருவிகள்தான் சாவி. சீமோத் என்ற சிறு நீர்மூழ்கி ஆரம்பத்தில் 200 மீட்டர் வரை தாங்கும். மேம்படுத்தினால் 300, 500, கடைசியில் 900. பிரான் சூட் என்ற நடக்கும் இயந்திரம் 900 மீட்டரில் தொடங்கி 1,700 வரை போகும். சைக்ளாப்ஸ் என்ற பெரிய நீர்மூழ்கி 500 மீட்டரில் தொடங்கி அதுவும் 1,700 வரை. திக்குத் தெரியாமல் நிற்கும்போதெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: நான் இறங்க முடியாத ஆழம் எது, என்ன இல்லாததால் இறங்க முடியவில்லை? அந்தப் பொருளைத் தேடிப் போவதுதான் அடுத்த வேலை. தேடிப் போகிற வழியில் கதை தானாக உங்கள் கையில் விழும்.

முதல் சில மணி நேரத்துக்கு மட்டும் ஒரு வரிசை சொல்கிறேன், இதனால் சுவை கெடாது. தரையில் கிடக்கும் உடைந்த உலோகத் துண்டுகளை எடுங்கள், ஒன்றுக்கு நான்கு டைட்டானியம் கிடைக்கும். இரண்டு ஆசிட் காளானும் ஒரு செம்பும் சேர்ந்தால் பேட்டரி. பேட்டரியும் டைட்டானியமும் சேர்ந்தால் ஸ்கேனர். எல்லாவற்றுக்கும் முன்னால் இதைச் செய்யுங்கள், ஏனென்றால் கீழே கிடக்கிற உடைந்த கருவிகளை ஸ்கேன் செய்தால்தான் அவற்றைச் செய்யும் முறை தெரியவரும். பிறகு டேங்க். பிறகு பக்கத்தில் இருக்கும் உயரமான கடற்பாசிக் காட்டுக்குப் போய் மஞ்சளாக ஒளிரும் விதைக்கொத்துகளைப் பறித்து வாருங்கள், அதிலிருந்துதான் சிலிக்கோன் ரப்பர். அதிலிருந்து துடுப்புக் காலணி. அந்தக் காட்டில் நீண்ட வாயோடு திரியும் ஸ்டாக்கர் மீன்கள் கடிக்கும், ஆனால் அவற்றுக்கு உலோகம் என்றால் பைத்தியம். ஒரு துண்டை வீசிவிட்டால் அதைத் தூக்கிக்கொண்டு போய்விடும். அப்படிக் கடித்துத் தூக்கும்போது சில நேரம் பல் உதிரும். அந்தப் பல்லைப் பார்த்தால் விடாதீர்கள், பின்னால் கெட்டிக் கண்ணாடி செய்ய அது வேண்டும்.

ரிப்பேர் டூல் வந்ததும் லைஃப்பாடில் இருக்கும் ரேடியோவைச் சரிசெய்யுங்கள். நீங்கள் கேட்கிற பணி பட்டியல் அதுதான் என்று வைத்துக்கொள்ளலாம். உங்களைப் போலத் தப்பியவர்களின் லைஃப்பாடுகள் எங்கே விழுந்தன என்று செய்தி வரும். ஒவ்வொன்றுக்கும் போனால் அங்கே ஒரு கருவியோ ஒரு குறிப்போ கிடைக்கும், அந்த இடமும் நீங்கள் இதுவரை போனதைவிடக் கொஞ்சம் ஆழமாக இருக்கும். ஒருகட்டத்தில், உங்களை மீட்க ஒரு கப்பல் வருவதாகவும் சொல்வார்கள். சொன்ன நேரத்துக்குச் சொன்ன இடத்தில் போய் நில்லுங்கள். இதற்கு மேல் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

சாப்பாடு, தண்ணீர். பிளாடர்ஃபிஷ் என்ற ஊதா நிற மீனைப் பிடித்து ஃபேப்ரிகேட்டரில் போட்டால் குடிதண்ணீர். உப்பும் பவளத் துண்டும் சேர்த்தால் பிளீச், அதிலிருந்து இன்னும் நல்ல தண்ணீர். பீப்பர் மீன் பசிக்கு. சமைத்த மீன் கெட்டுப்போகும். உப்புப் போட்டு வைத்தால் நம் கருவாடு மாதிரி கெடாது, ஆனால் தின்றால் தாகம் எடுக்கும். நீண்ட பயணத்துக்கு அது நல்லது, கூடவே தண்ணீர் பாட்டில் இருக்க வேண்டும். காவடி விரத நாட்களில் வீட்டில் மீன் வாசனையே கிடையாது, திரையில் மட்டும் பீப்பரை வறுத்துக்கொண்டிருப்பது எனக்கே ஒரு மாதிரியாக இருக்கும். அப்படி நினைப்பவர்களுக்கும் வழி உண்டு. மிதக்கும் தீவு ஒன்று இருக்கிறது; அங்கே தர்பூசணி போன்ற காயும் வேறு சில செடிகளும் விளைகின்றன. விதை கொண்டுவந்து, கடலுக்கடியில் நீங்கள் கட்டிக்கொள்ளும் கூடத்தில் தொட்டியில் நட்டுவிட்டால் பிறகு மீன் பிடிக்கும் வேலையே இல்லை. பசி, தாகம் இரண்டும் வெறும் தொந்தரவு என்று தோன்றினால் ஃப்ரீடம் முறையில் ஆடுங்கள், அதில் இரண்டும் கிடையாது. அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. ஹார்ட்கோர் முறையை மட்டும் இப்போது தொடாதீர்கள், அதில் ஒரே உயிர்.

வரைபடம் கிடையாது என்பது குறையில்லை, வேண்டுமென்றேதான் அப்படி விட்டிருக்கிறார்கள். நம் மீனவர்கள் கருவி இல்லாத காலத்தில் கரையில் தெரியும் இரண்டு அடையாளங்களை, ஒரு மலை முனையும் ஒரு மரமும் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரே கோட்டில் கொண்டுவந்து தாங்கள் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிப்பார்கள். அப்படி இரண்டு கோடு வெட்டும் இடத்தில் வலை. சப்நாட்டிகாவில் அந்த மலை, நீங்கள் பார்த்த அந்த எரியும் விண்கப்பல் அரோரா. மேலே வந்து தலையைத் திருப்பினால் பெரும்பாலும் தெரியும். இன்னொரு அடையாளம் உங்கள் லைஃப்பாடின் குறி. அதோடு ஒரு திசைகாட்டியும் செய்துகொண்டு, முக்கியமான இடத்திலெல்லாம் பீக்கன் போட்டுப் பெயர் எழுதி வைத்தால் கொஞ்ச நாளில் வரைபடம் உங்கள் தலைக்குள் வந்துவிடும். பீக்கனுக்கு நல்ல பெயர் வையுங்கள். ‘1’, ‘2’ என்று வைத்தால் பிறகு எது எதுவென்று விளங்காது. என்னுடையவற்றில் ‘இங்கே வராதே’ என்றே சில இருக்கின்றன.

இந்த உலகத்துக்கு எல்லை எங்கே என்றும் சொல்லிவிடுகிறேன், இது நம் தீவுக்காரருக்குச் சட்டென்று புரியும். நீங்கள் நீந்துகிற பகுதி முழுவதும் கடலுக்கடியில் இருக்கும் ஓர் எரிமலை வாயின் மேல் இருக்கிறது. விளிம்பைத் தாண்டினால் தரை அப்படியே சரிந்து இருட்டாகிவிடும். மொரீஷியஸும் எரிமலை கட்டிய தீவுதானே. கியூர்பிப்பில் த்ரூ ஓ செர்ஃப் பள்ளத்தைப் பார்க்காதவர் யார்? நம் தாமரைக்குளம் போல அமைதியான லகூன், அதைச் சுற்றிப் பவளப்பாறை, அலை உடைகிற வெள்ளைக் கோடு, அதற்கு வெளியே கொஞ்ச தூரத்தில் தரை ஆயிரக்கணக்கான மீட்டருக்குப் போய்விடுகிறது. லெ மோர்ன் பக்கம் ஹெலிகாப்டரில் எடுத்த ‘நீருக்கடியில் அருவி’ படம் பார்த்திருப்பீர்கள். அருவி ஒன்றும் இல்லை. நீரோட்டம் மணலையும் வண்டலையும் விளிம்புக்கு மேல் இழுத்துப் போவது மேலிருந்து பார்க்க அருவி போலத் தெரிகிறது. விளையாட்டின் விளிம்பில் அந்தக் காட்சியை உள்ளே நின்று பார்க்கலாம். ரொம்ப நேரம் நிற்காதீர்கள், அங்கே காவலுக்கு வேறு ஒன்று வரும்.

சரி, அரோரா. நீங்கள் தயாராகாமல் போனதுதான் சங்கடம். ஆட்டம் தொடங்கி ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அந்தக் கப்பல் வெடிக்கும், வெடித்தபின் சுற்றிலும் கதிர்வீச்சு பரவும். ஈயமும் நார்த்துணியும் வைத்துக் கதிர்வீச்சு உடை செய்துகொண்டால் பக்கத்தில் போகலாம். உள்ளே போக ரிப்பேர் டூல், தீயணைப்பான், பொருள்களைத் தள்ளும் புரபல்ஷன் கேனன், லேசர் கட்டர் ஆகியவை இருந்தால் ஒரே பயணத்தில் வேலை முடியும். உள்ளே உலையில் இருக்கும் ஓட்டைகளை அடைக்கும்வரை கசிவு நிற்காது. அடைத்த பிறகு கதிர்வீச்சு மெல்ல மெல்லக் குறையும்.

இந்தப் பகுதியை ஆடும்போது எனக்கு 2020தான் நினைவுக்கு வரும். ஜூலை 25 அன்று வாகாஷியோ என்ற சரக்குக் கப்பல் புவாந்த் தெஸ்னிக்கு வெளியே பவளப்பாறையில் ஏறி நின்றது. சில நாட்கள் எல்லோரும் கரையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். ஆகஸ்ட் 6 அன்று எண்ணெய் கசிய ஆரம்பித்தது. ஏறக்குறைய ஆயிரம் டன் லகூனுக்குள் இறங்கியது. புளூ பே கடல் பூங்கா அங்கேயிருந்து அதிக தூரமில்லை. மாயேபூர் பக்கம் ஜனங்கள் கரும்புச் சோகையைத் துணிப்பையில் திணித்துத் தைத்துத் தடுப்பாக மிதக்க விட்டார்கள். அரோராவின் ஓட்டைகளை ஒவ்வொன்றாக வெல்டிங் செய்யும்போது கதிர்வீச்சு அளவு குறைவதைப் பார்க்கிறோமே, அந்த இன்பம் நிஜத்தில் கிடைப்பதில்லை. நிஜத்தில் கப்பல் இரண்டாகப் பிளந்தது. விளையாட்டு என்பதால் இங்கே ஒரே ஆள் போய் அடைத்துவிடலாம். இந்த ஒரு இடத்தில் சப்நாட்டிகா நம்மிடம் கொஞ்சம் இரக்கம் காட்டுகிறது என்றே நினைக்கிறேன்.

இப்போது ரீப்பர். கப்பலின் பின்பக்கம், எஞ்சின்கள் இருக்கும் இடத்தில் அவை அதிகம், முன்பக்கத்திலும் உலாவும். தண்ணீர் கலங்கலாக இருப்பதால் நெருங்கும்வரை தெரியாது. கப்பலில் ஆழமில்லாத கடலைப் பார்த்திருக்கும் பக்கவாட்டை ஒட்டியே, மேல்மட்டத்துக்குப் பக்கமாகப் போய், முன்புற உடைப்பு வழியாக ஏறுங்கள். பின்பக்கம் எட்டியும் பார்க்காதீர்கள். மணல்மேடுகள் இருக்கும் பகுதியிலும் மலைத்தீவைச் சுற்றியும் ரீப்பர் உண்டு. மற்ற இடங்களில் பெரும்பாலும் ரீப்பர் வராது, ஆனால் வேறு ஆபத்தான உயிர்கள் உண்டு.

அது வருவதை முதலில் காதுதான் சொல்லும். அதனால் ஹெட்ஃபோன் இல்லாமல் இந்த விளையாட்டை ஆடாதீர்கள். ரீப்பரை ஸ்கேன் செய்தால் வரும் குறிப்பில், அதன் உறுமல் எதிரொலியால் இரையைத் தேடும் வழி என்று இருக்கும். அதாவது அந்தச் சத்தம் உங்கள் காதில் விழுகிறதென்றால், நீங்களும் அதன் கணக்கில் விழுந்துவிட்டீர்கள். இது கற்பனை மட்டும் இல்லை. நம் மேற்குக் கரைக்கு வெளியே ஆழத்தில் ஸ்பெர்ம் திமிங்கலங்கள் வாழ்கின்றன. அவை ‘டிக் டிக்’ என்று ஒலியெழுப்பி, எதிரொலியை வைத்துத்தான் இருட்டில் கணவாயைத் தேடுகின்றன. ஆனால் நிஜத்தில் தண்ணீருக்குள் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று மனிதக் காதுக்குப் பிடிபடாது. தண்ணீரில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர், காற்றைவிட நான்கு மடங்குக்கும் மேல் வேகம். இரண்டு காதுக்கும் ஒரே நேரத்தில் வந்தது போல இருக்கும். விளையாட்டில் திசை தெளிவாகக் கேட்கும். அந்தச் சலுகையைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்: உறுமல் இடப்பக்கம் என்றால் வலப்பக்கம் போங்கள், அவ்வளவுதான்.

பயத்தைப் போக்க எனக்குத் தெரிந்த ஒரு வழி, கிரியேட்டிவ் முறையில் தனியாக ஓர் ஆட்டம் தொடங்கி, அதே கப்பலின் பின்னால் போய் ரீப்பரை வேண்டிய மட்டும் பார்த்துவிட்டு வருவது. அதில் சாவு கிடையாது. பார்த்த பிறகு பயம் போகாது, ஆனால் தெரிந்த ஆளிடம் பயப்படுவது போல ஆகிவிடும். சீமோத்துக்கு மின்னதிர்ச்சித் தற்காப்பு ஒன்று பொருத்தலாம், ரீப்பர் பிடித்தால் ஒரு தட்டில் விட்டுவிடும்.

துப்பாக்கி எங்கே என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எல்லோரும் கேட்பார்கள். கொல்லுகிற துப்பாக்கி இதில் இல்லை. கத்தி உண்டு, உறைய வைக்கும் ஸ்டேசிஸ் ரைஃபிள் உண்டு. விளையாட்டை உருவாக்கிய அன்னோன் வேர்ல்ட்ஸ் நிறுவனத்தின் சார்லி கிளீவ்லண்ட், 2012 டிசம்பரில் அமெரிக்காவில் சாண்டி ஹூக் பள்ளியில் நடந்த துப்பாக்கிச்சூட்டுக்குப் பிறகு எடுத்த முடிவு அது என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். 2014 டிசம்பரில் முன்னோட்டமாக வந்து, 2018 ஜனவரியில் முழுமையாக வெளியான விளையாட்டு இது. அந்த முடிவுதான் இதை மற்ற உயிர்பிழைப்பு விளையாட்டுகளிலிருந்து பிரிக்கிறது. மீனைக் கொன்று கடலைக் காலி செய்ய முடியாதபோது, அதன் வழக்கம் என்ன என்று கற்றுக்கொள்வதைத் தவிர வழியில்லை.

கூடம் கட்டுவதைப் பற்றி ஒரு பத்தி போதும். ஆழம் கூடக் கூட, கண்ணாடி கூடக் கூட, சுவரின் பலம் குறையும். பலம் பூஜ்யத்துக்குக் கீழே போனால் ஓட்டை விழுந்து தண்ணீர் ஏறும். அடித்தளமும் சுவர்வலுவூட்டலும் சேர்த்தால் சரியாகும். சூரியத் தகடு ஆழத்தில் உதவாது. முதல் கூடத்தை ஆழமில்லாத இடத்தில், கடற்பாசிக் காட்டுக்குப் பக்கமாகக் கட்டுங்கள், அழகெல்லாம் அப்புறம்.

சேமிப்பதை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். முதல் சப்நாட்டிகாவில் தானாகச் சேமிக்கும் வசதி இல்லை. நீங்களே நிறுத்திச் சேமிக்க வேண்டும். புயல் காலத்தில் மூன்றாம் எச்சரிக்கை கொடுத்து எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் நாள்தான் இதை ஆட அருமையான நாள். இறக்கிவைத்த பிறகு இணையமும் தேவையில்லை. ஆனால் அன்றுதான் மின்சாரமும் போகும். லேப்டாப் என்றால் பரவாயில்லை, பெட்டிக் கம்ப்யூட்டர் என்றால் ஒவ்வொரு முறை கூடத்துக்குத் திரும்பும்போதும் சேமியுங்கள். தலை சுற்றினால் அமைப்புகளில் பார்வைக் கோணத்தைக் கூட்டிப் பாருங்கள், பலருக்கு அதுவே போதும்.

நிஜக் கடல் இப்படித்தானா என்று கேட்டீர்கள். நிறம் மங்குவது நிஜம். சிவப்பு முதல் சில மீட்டரிலேயே போய்விடும், பிறகு எல்லாம் நீலம். உடைந்த கப்பலுக்குள் போகும்போது வரும் அந்த நெஞ்சு இறுக்கமும் நிஜம். த்ரூ ஓ பிஷ் பக்கம் 1987இல் பவளப்பாறைக்காக வேண்டுமென்றே மூழ்கடித்த ஸ்டெல்லா மாருவுக்கு யாரைக் கூட்டிப் போனாலும் முதலில் ஒரு நிமிடம் பேச்சில்லாமல் பார்ப்பார்கள். மற்றபடி பெரிய வித்தியாசங்கள் இருக்கின்றன. பத்து மீட்டருக்கு ஒரு முறை ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது, ஆகையால் 30 மீட்டரில் காற்று மேலே இருப்பதைவிட நான்கு மடங்கு வேகமாகத் தீரும். விளையாட்டில் நூறு மீட்டர் வரை அப்படி எதுவும் இல்லை. நாங்கள் முதுகில் மாட்டுவது ஆக்சிஜன் டேங்க் இல்லை, சாதாரணக் காற்று. தனி ஆக்சிஜனை ஆறு மீட்டருக்குக் கீழே சுவாசித்தால் வலிப்பு வரும் ஆபத்து உண்டு. சுற்றுலா டைவுக்கு 40 மீட்டர்தான் எல்லை. மேலே வரும்போது மெதுவாக வந்து, ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்று, ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் வெளியேற நேரம் கொடுப்போம். விளையாட்டில் முந்நூறு மீட்டரிலிருந்து அம்பு போல மேலே வருகிறீர்கள். நிஜத்தில் அப்படி வந்தவரைப் படகில் ஏற்றிய கையோடு அழுத்த அறைக்குத்தான் கொண்டு போக வேண்டும்.

இன்னொன்று, இது உங்களுக்கு மட்டுமல்லாமல் வீட்டில் இதை ஆடும் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். கடற்கரைக்குப் போய் ‘நானும் 45 வினாடி தாங்குவேன்’ என்று வேகவேகமாக மூச்சு வாங்கிவிட்டு முங்குகிற விளையாட்டு வேண்டாம். வேகமாக மூச்சு வாங்கினால் உடம்பில் கார்பன் டை ஆக்சைடு குறையும். மூச்சு முட்டுகிறது என்று மூளைக்குச் சொல்வது அதுதான். அது குறைந்தால் எச்சரிக்கையே வராமல், மேலே வந்துகொண்டிருக்கும்போதே மயக்கம் போட்டுவிடும். இடுப்பளவு தண்ணீரிலும் இது நடக்கும்.

உங்கள் கேள்வியில் இல்லாவிட்டாலும் அடுத்ததாக வரப்போகும் கேள்விக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 2021இல் வந்த பிலோ ஜீரோ இதன் தொடர்ச்சி. அதில் பனி, நிலத்தில் நடக்கும் பகுதிகள் அதிகம், பேச்சும் அதிகம், உலகம் சிறியது, பயம் குறைவு. ரீப்பர் பயம் போகவே போகாது என்று தோன்றினால் அதிலிருந்து தொடங்கலாம் என்று சிலர் சொல்வார்கள். ஆனால் முதல் கதையில் நீங்கள் கஷ்டப்பட்டுக் கண்டுபிடிக்க வேண்டிய விஷயத்தை அதில் தெரிந்த செய்தி போலப் பேசிவிடுவார்கள். ஆகையால் முதலில் இதையே முடியுங்கள், வேண்டுமானால் ஃப்ரீடம் முறையில்.